சக்கரத்தின் சூடு பார்த்தவர்

என் வீட்டுக்காரர் இருபத்திரண்டு வருஷம் ஒரே வேலையைத்தான் செய்தார். மலைமேல் இருக்கிற சுரங்கத்திலிருந்து கல் ஏற்றிக்கொண்டு இறங்கும் சரக்கு வண்டி, பாதி இறக்கத்தில் எங்கள் நிலையத்தில் இருபது நிமிஷம் நிற்கும். அவர் வண்டியின் ஓரமாக நடந்துகொண்டே ஒவ்வொரு சக்கரத்துக்கும் பக்கத்தில் புறங்கையைக் கொண்டுபோய்ச் சூடு பார்ப்பார். ஒரு பக்கமாகப் போய் மறுபக்கமாகத் திரும்பி வருவார். உள்ளங்கையை நீட்ட மாட்டார். தோல் பொசுங்கினால் மறுநாள் ஸ்பானர் பிடிக்க முடியாது.

டிரைவர்கள் அவருக்கு வைத்த பேர் காய்ச்சல் டாக்டர். எஞ்சின் ஜன்னலிலிருந்து தலையை நீட்டி, டாக்டர், என் பிள்ளைகளுக்கு எத்தனை டிகிரி என்று கேட்பார்கள். எல்லாருக்கும் நல்ல காய்ச்சல், கூட்டிக்கொண்டு போகலாம் என்பார் இவர். எந்தச் சக்கரம் சில்லென்று இருக்கிறதோ அதில்தான் கோளாறு. அங்கே பிரேக் கட்டை பிடிக்கவில்லை என்று அர்த்தம். காய்ச்சல் இல்லாத பிள்ளையைத்தான் எங்கள் டாக்டர் போகவிடாமல் படுக்க வைப்பார்.

சமவெளியில் பிரேக் என்பது வண்டியை நிறுத்துவதற்கு. இங்கே இறங்குகிற ஒன்றரை மணி நேரமும் அதைப் பிடித்துக்கொண்டேதான் இறங்க வேண்டும். நாற்பது அடி போனால் ஓர் அடி கீழே போயிருக்கும், அப்படிப்பட்ட சரிவு. பதினெட்டு வேகன் கல் முதுகில் கைவைத்துத் தள்ளுகிறது. கட்டை சக்கரத்தை அழுத்திக்கொண்டே இருந்தால் சூடேறும். சூடு ஓர் அளவைத் தாண்டிவிட்டால் கட்டை வழுக்க ஆரம்பிக்கும், எவ்வளவு அழுத்தினாலும் பிடிக்காது. சரி, விட்டு விட்டுப் பிடிக்கலாமே என்றால், விட்டுப் பிடிக்கும்போதெல்லாம் கட்டையை அழுத்தக் குழாயில் வைத்திருக்கிற காற்று செலவாகும். அது மறுபடி நிரம்ப நேரம் ஆகும். இறங்குகிற வண்டி அந்த நேரத்தைக் கொடுக்காது. அதனால்தான் பாதி வழியில் இருபது நிமிஷம் நிறுத்திக் கட்டையை ஆறவிடுவார்கள். அதனால்தான் சமவெளி எஞ்சின் எதையும் இந்த மலைக்கு ஏற்றமாட்டார்கள்.

போன வருஷம் பழைய எஞ்சின்களையெல்லாம் எடுத்துவிட்டார்கள், மலைக்கென்றே செய்த புது எஞ்சின்கள் வந்தன. அவற்றில் மோட்டார் பிரேக் என்று ஒன்று இருந்தது. ஏறும்போது சக்கரத்தைச் சுழற்றுகிற அதே மோட்டாரை, இறங்கும்போது சக்கரம் சுழற்றும். சுற்றும்போது மின்சாரம் உண்டாகும். அந்த மின்சாரத்தை எஞ்சின் கூரைமேல் இருக்கிற கம்பிச் சுருளில் விட்டால், சூடாகிக் காற்றோடு போய்விடும். இப்படி மின்சாரம் எடுக்கும்போது மோட்டார் சுற்றுவது கனமாகிவிடும், சக்கரம் தன் இஷ்டத்துக்கு ஓட முடியாது. கட்டைக்கு வேலையே அதிகம் இல்லை. மூன்று நாள் வகுப்பு வைத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். அவர் வந்து என்னிடம் குழந்தை மாதிரிச் சொன்னார். கடவுள் மனசு வைத்து இந்த மலைக்கு அனுப்பிய எஞ்சின் என்று நானும் நினைத்தேன்.

ஆனால் ஒன்று தலைகீழாகிவிட்டது. புது எஞ்சினோடு வருகிற வண்டியில் சக்கரம் சில்லென்று இருந்தால்தான் நல்லது. மோட்டார் சுமக்கிறது என்று பொருள். சக்கரம் கொதித்தால், மோட்டார் கைவிட்டுவிட்டது, கட்டை தனியாகக் கிடந்து மல்லாடுகிறது என்று பொருள். அப்படி வந்தால் வண்டியை அங்கேயே நிறுத்திப் போட்டு வேறு எஞ்சின் வரவழைக்க வேண்டும். இதையும் வகுப்பில் சொன்னார்கள். அவருக்குப் புரிந்தது. ஆனால் சீட்டை மட்டும் யாரும் மாற்றவில்லை.

சீட்டு என்றால், சூடு பார்த்து முடித்ததும் இவரைப் போன்ற ஃபிட்டர் கையெழுத்துப் போட்டு டிரைவரிடம் கொடுக்கிற தாள். அதில் ஒரே கேள்வி. எல்லாச் சக்கரங்களும் சூடாக உள்ளனவா? ஆம், இல்லை. ‘இல்லை’யில் குறித்தால் வண்டி நகரக்கூடாது. புது எஞ்சின் வந்த முதல் நாள் எல்லாச் சக்கரமும் சில்லென்று இருந்தன. நல்ல வண்டி. ‘இல்லை’ என்று எழுதினால் நிறுத்த வேண்டும். நிலைய மேலாளரிடம் போய்க் கேட்டார். புதுத் தாள் அச்சடிக்கப் போயிருக்கிறது, வருகிறவரைக்கும் ‘ஆம்’ என்றே போடு என்றார் அவர். மூன்று ஷிப்டு ஃபிட்டர்களும் அப்படியே போட்டார்கள். எட்டு மாதம் போட்டார்கள்.

அது அவருக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. தினமும் பொய்க்குக் கையெழுத்துப் போடுகிறேன் என்பார். மனசு சுத்தமாக இருந்தால் ஆண்டவன் கணக்கில் அது பொய் இல்லை என்று நான்தான் சமாதானம் சொன்னேன். அவர் அதைக் கேட்டுச் சும்மா இருந்துவிட்டார். இதை எழுதும்போது கை கூசுகிறது.

எட்டாவது மாதத்தில் ஒரு நாள் காலை ஏழரை மணி வண்டிக்கு டிரைவர் என் தம்பி. பழைய எஞ்சின்களில் பத்து வருஷம் உதவி டிரைவராக இருந்துவிட்டு டிரைவரானவன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவன் வண்டி நிற்கும் நாட்களில் நான் சாப்பாடு கட்டிக் கொடுப்பேன், இவர் எடுத்துக்கொண்டு போவார். அன்று நல்ல பனிமூட்டம், தூறல். டப்பாவை வாங்கிக்கொண்டு அவன் இவரிடம் சொல்லியிருக்கிறான்.

“மாமா, மோட்டார் இன்னிக்குக் கொஞ்சம் சோம்பலா இருக்கு. காத்துப் பிரேக்கைப் பிடிச்சுப் பிடிச்சுதான் வந்தேன். லோடு அதிகமான்னு தெரியல. சக்கரத்தைப் பாத்துச் சொல்லுங்க.”

இவர் போய்ப் பார்த்தார். எட்டு மாதமாகச் சில்லென்ற இரும்பையே பார்த்து வந்த கைக்கு, அந்தக் குளிரில் ஒவ்வொரு சக்கரமும் அனல் கொடுத்தது. ஒன்றுகூடத் தப்பவில்லை. பதினெட்டு வேகனும் ஒரே சூடு. பழைய நாட்களில் வருஷத்துக்கு இரண்டு வண்டிதான் இப்படி வரும், அவ்வளவு சுத்தமான பிடிப்பு. கை அதற்குச் சந்தோஷப்பட்டது. வகுப்பில் கேட்டதெல்லாம் தலையில் எங்கேயோ இருந்தது, கைக்கு வந்து சேரவில்லை. திரும்பி வந்து சொன்னார்:

“எல்லாம் ஒரே சூடு மாப்ளே. அருமையா பிடிக்குது. போயிட்டு வா.”

தம்பிக்கும் அது நல்ல சேதியாகவே காதில் விழுந்தது. இருபது நிமிஷம் ஆனதும் எடுத்துவிட்டான்.

சீட்டில் இவர் வழக்கம்போல ‘ஆம்’ குறித்தார். எட்டு மாதத்தில் அந்த ஒரு நாள்தான் அது உண்மை.

வண்டி போனபின் டீ குடிக்கக் கை கழுவப் போயிருக்கிறார். கையை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனபோது பொசுங்கிய இரும்பு வாசனை அடித்தது. இந்த வாசனையை முகர்ந்து எட்டு மாதம் ஆகிறதே என்று நினைத்தாராம். அப்போதுதான் உறைத்தது. குழாயைக்கூட மூடாமல் மேலாளர் அறைக்கு ஓடினார். வாசலுக்குப் போவதற்குள் கீழே பள்ளத்தாக்கிலிருந்து விசில் கேட்க ஆரம்பித்துவிட்டது. மேலாளர் போனை எடுத்துக் கீழ் சிக்னல் கேபினுக்குக் கத்திக்கொண்டிருந்தார். இவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

நான் வீட்டில் துணி அலசிக்கொண்டிருந்தேன். அந்த விசில் விட்டு விட்டு வரவில்லை. ஒரே இழுப்பாக, எடுத்த மூச்சை விடாமல் அழுகிற பிள்ளை மாதிரி வந்தது. ஈரக் கையோடு எழுந்து நின்று, ஆண்டவனே யாருடைய வண்டியோ காப்பாற்று என்று சொன்னேன். சொல்லும்போதே யாருடைய வண்டி என்று எனக்குத் தெரியும். பிறகு விசில் நின்றது. நின்றதுதான் அதைவிட மோசமாக இருந்தது.

இறக்கத்தின் கீழ்முனையில் மணல் லைன் என்று ஒன்று இருக்கிறது. கட்டுமீறி வரும் வண்டி ஊருக்குள் பாயாமல் இருக்க, பக்கவாட்டில் மேட்டில் ஏறிப்போய் மணலில் புதைகிற தண்டவாளம். தம்பியின் வண்டி அதில் ஏறி எஞ்சின் கவிழ்ந்தது. பதினோரு வேகன் அதன்மேல் குவிந்தன. தம்பிக்கு மூன்று விலா எலும்பும் காறை எலும்பும் முறிந்தன. உதவி டிரைவருக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. இருபத்தாறு வயசு. கல்யாணமாகி ஐந்து மாதம்.

நான்காம் நாள் விசாரணைக்கு மூன்று அதிகாரிகள் கீழிருந்து வந்தார்கள். எஞ்சின் கூரை நசுங்கிப் போயிருந்ததால், மோட்டார் பிரேக் முன்பே கெட்டிருந்ததா, விழுந்ததில் கெட்டதா என்று எவராலும் சொல்ல முடியவில்லை. ஆகவே காகிதத்தைப் பார்த்தார்கள். இவரைக் கூப்பிட்டார்கள். இது உன் கையெழுத்தா என்று கேட்டார்கள். ஆமாம் என்றார். எல்லாச் சக்கரமும் சூடாக இருந்ததா? ஆமாங்க, ஆனா என்று ஆரம்பித்திருக்கிறார். கேட்டதற்கு மட்டும் பதில் சொல் என்று அவர்களில் பெரியவர் எழுதிக்கொண்டார். எட்டு மாதச் சீட்டுகளையும் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து புரட்டினார்கள். எல்லாவற்றிலும் ‘ஆம்’. அன்றைக்கும் ‘ஆம்’. இந்த எஞ்சினோடு வண்டி எப்போதும் சூடாகத்தான் வரும் போலிருக்கிறது, அன்றைக்கும் அப்படித்தான் வந்தது, எனவே பாதி வழி வரை ஒரு கோளாறும் இல்லை. அதற்குக் கீழே டிரைவர் பிரேக்கை விட்டு விட்டுப் பிடித்துக் காற்றை வீணாக்கியிருக்கிறான். அப்படித்தான் முடிவு போய்க்கொண்டிருந்தது. தம்பிக்கு வேலையும் போய், ஒரு காலைப் போக்கியதற்குக் கோர்ட்டு வழக்கும் வரும் என்று எஞ்சின் ஷெட் முழுக்கப் பேச்சு.

அவர் வீட்டுக்கு வந்து கதவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். எல்லாவற்றையும் என்னிடம் அப்போதுதான் சொன்னார், கை கழுவியது வரைக்கும். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். நான் ஏதாவது சொல்ல வேண்டும். உள்ளறையில் எங்கள் பெரிய மகள் தங்கைக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள்.

“கேட்டதுக்குத்தானே பதில் சொன்னீங்க,” என்றேன். “பொய் சொல்லலியே. விடுங்க.”

என் கூடப்பிறந்தவனை நான் அப்படித்தான் விட்டேன். ஒரு நிமிஷம்தான். ஆனால் விட்டேன். அதன்பிறகு அவர் சாப்பிடவில்லை. எனக்கும் இறங்கவில்லை.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். தம்பி நெஞ்சைச் சுற்றிக் கட்டோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தான். விசாரணைக்காரர்கள் அவனிடமும் வந்து கேட்டு எழுதிக்கொண்டு போயிருந்தார்கள். மோட்டார் சோம்பலாக இருந்தது, மாமாவிடம் பார்க்கச் சொன்னேன் என்று சொன்னாயா என்று கேட்டேன். சொல்லவில்லை என்றான். பிரேக் பிடிக்கவில்லை என்று மட்டும் சொல்லியிருக்கிறான்.

“ஏன்டா?”

“சொன்னா, மாமா பாத்துட்டுப் போன்னு சொன்னார்னு சொல்லணும். விழுந்து கிடக்கும்போதே புரிஞ்சுபோச்சுக்கா. ஒரே சூடுன்னு சொன்னார், நானும் மண்டைய ஆட்டிட்டு எடுத்தேன். ரெண்டு பேருக்குமே பழைய புத்தி.”

“உன்னை ஜெயில்ல போடுவாங்கடா.”

“உனக்கு ரெண்டு பொண்ணு இருக்கு. எனக்கு யார் இருக்கா? அங்கயும் சோறு போடுவாங்க. உன் சமையலைவிட மோசமா இருக்காது.”

சிரிக்கப் பார்த்தான், விலா வலித்து முகம் கோணியது. நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன். வெளியே வரும்போது வராந்தாவில் அந்த உதவி டிரைவரின் மனைவி ஒரு பாத்திரத்தை வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். என்னை டிரைவரின் அக்கா என்று மட்டும் அவளுக்குத் தெரியும். உங்க தம்பி நல்லா இருப்பாரா என்று முறைத்துக்கொண்டே கேட்டாள். என் தம்பி ஒன்றும் செய்யவில்லையம்மா என்று என் நாக்கு நுனிவரை வந்தது. செய்தவர் யார் என்று அடுத்துச் சொல்ல வேண்டுமே. தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டேன். வழியெல்லாம் ஆண்டவனிடம் கேட்டுக்கொண்டே வந்தேன், ஆனால் கேட்க வார்த்தை கிடைக்கவில்லை. இவரைக் காப்பாற்று என்றால் அவனைக் கொடு என்று ஆகிறது. அவனைக் காப்பாற்று என்றால் இவரைக் கொடு என்று ஆகிறது.

வீட்டுக்கு வந்து இவரிடம் தம்பி சொன்னதை ஒன்று விடாமல் சொன்னேன். மறைத்திருக்கலாம். மறைக்க முடியவில்லை. முந்தின நாள் நான் சொன்னதைத் திருப்பி வாங்கிக்கொள்கிறேன் என்றும் சொன்னேன். அவர் குளித்து, சலவைச் சட்டையைப் போட்டுக்கொண்டு விசாரணை அறைக்குப் போனார்.

அங்கே எல்லாவற்றையும் சொன்னார். சூடு என்றால் கெட்டது, ‘ஆம்’ என்று எழுதியதெல்லாம் வழக்கத்துக்கு எழுதியது, அன்றைக்குத்தான் உண்மையாகவே சூடு, நான்தான் போகச் சொன்னேன் என்றார். பெரியவர் பேனாவை வைத்துவிட்டுக் கேட்டாராம், டிரைவர் உனக்கு என்ன உறவு என்று. மனைவியின் தம்பி. அப்படியா என்று மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“எட்டு மாசம் உன் கைப்பட சூடுன்னு எழுதியிருக்க. இன்னிக்கு வந்து இல்லன்னு சொல்ற. மச்சானுக்காக நல்லாத்தான் கதை கட்டுற. போ, வேலையைப் பாரு.”

கையெழுத்துப் போட்டவனே பொய் என்றாலும் காகிதம் மெய்யாகிவிட்டது.

இது மற்ற ஃபிட்டர்களின் காதுக்கு எட்டியது. சாயங்காலம் இரண்டாம் ஷிப்டுக்காரர் வீட்டுக்கு வந்தார். சுருட்டை என்று கூப்பிடுவார்கள், தலையில் முடி கொட்டியபின்னும் பேர் கொட்டவில்லை. நல்ல மனுஷர்தான். அன்று உட்காரக்கூட மாட்டேன் என்றார். இவர் வாய் திறந்தால் மூன்று பேரும் எட்டு மாதம் பொய்யெழுதியது வெளியே வரும், மூன்று வீட்டு அடுப்பும் அணையும் என்றார். உன் மச்சான் உயிரோடுதானே இருக்கிறான் என்றார். போகும்போது என் பக்கம் திரும்பி, கும்பிட்டுக்கொண்டே இருக்கிறாயே தங்கச்சி, எங்களுக்கும் சேர்த்துக் கும்பிடு என்றார். அது கேலியா, வேண்டுதலா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

மறுநாள் இவருக்குக் காலை ஷிப்டு. காகிதம் சுத்தமாக இருந்ததால் வேலையிலிருந்து யாரும் நிறுத்தியிருக்கவில்லை. கிளம்பும்போது என்னைப் பார்த்து, இன்றைக்கு நான் உள்ளதை எழுதப்போகிறேன் என்றார். எனக்குப் புரியவில்லை. அங்கே நடந்ததைப் பிறகு மேலாளரின் மனைவி சொல்லித்தான் முழுசாகத் தெரிந்துகொண்டேன்.

ஏழரை வண்டி வந்து நின்றது. இவர் போய்ச் சூடு பார்த்தார். எல்லாம் சில்லென்று இருந்தன. நல்ல வண்டி. சீட்டை எடுத்தார். எல்லாச் சக்கரங்களும் சூடாக உள்ளனவா? ‘இல்லை’யில் குறித்துக் கையெழுத்துப் போட்டு டிரைவரிடம் கொடுத்தார்.

சட்டப்படி அந்த வண்டி ஓர் அங்குலம் நகரக்கூடாது. டிரைவர் இதென்ன விளையாட்டு டாக்டர் என்று கேட்டிருக்கிறார். விளையாட்டு இல்லை, தாளில் என்ன போட்டிருக்கிறது என்று படித்துப் பாருங்கள் என்றார் இவர். மேலாளர் ஓடி வந்தார். முதலில் அதட்டினார், பிறகு தோளில் கைபோட்டுக் கெஞ்சினார். புதுத் தாள் இந்த வாரமே வந்துவிடும், இன்றைக்கு மட்டும் மாற்றி எழுது என்றார். இவர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, எஞ்சினுக்கு முன்னால் தண்டவாளத்தில் உட்கார்ந்துவிட்டார். மேலாளர் சுருட்டையின் வீட்டுக்கு ஆளனுப்பி, அவரைக் கூப்பிட்டு ‘ஆம்’ போடச் சொன்னார். சுருட்டை வந்து, இவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். ரொம்ப நேரம் நின்றார். பிறகு சக்கரத்தைத் தொட்டுவிட்டு, சில்லுன்னுதான் இருக்கு என்று மட்டும் சொல்லி, பேனாவை வாங்காமல் போய்விட்டார்.

ஒற்றைத் தண்டவாளம். மேலே இரண்டாவது வண்டி நின்றது. கீழே ஏறவேண்டிய காலி வண்டி நின்றது. பத்து மணிக்குச் சுரங்கத்தில் கல் ஏற்றுவதை நிறுத்தினார்கள். போன் ஓயாமல் அடித்தது. தூறல் வலுத்து மழையானது, இவர் அப்படியே நனைந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். பதினோரு மணிக்கு விசாரணைப் பெரியவரே ஜீப்பில் வந்து இறங்கினார். கோபத்தில் குடையைக்கூட விரிக்கவில்லை. போலீசைக் கூப்பிடட்டுமா என்று கேட்டார். இவர் எழுந்து நின்று கைகூப்பினார்.

“கூப்பிடுங்கய்யா. அதுக்கு முன்னாடி ஒரு தடவை தொட்டுப் பாருங்க.”

மூன்றரை மணி நேரமாக நிற்கிற வண்டி, சில்லென்றுதானே இருக்கும் என்று பெரியவர் சொன்னார். அது நியாயம்தான். அப்போது மேலே காத்து நின்ற இரண்டாவது வண்டியை இறக்கிக் கொண்டுவரச் சொன்னார்கள். நிலையத்தில் மட்டும் இருக்கிற பக்கத்து லைனில் அது வந்து நின்ற உடனே பெரியவர் தன் கையால் தொட்டார். முதல் வேகன், நாலாவது வேகன், கடைசி வேகன். எதுவும் சுடவில்லை. மழைத் தண்ணீர் ஆவியாகாமல் சக்கரத்தில் வழிந்துகொண்டிருந்தது. பெரியவர் மேலாளரிடம் ஒரு வெற்றுச் சீட்டை வாங்கி அதிலிருக்கிற கேள்வியைப் படித்தார். திரும்பவும் படித்தார். முகம் வெளுத்துவிட்டது என்றாள் மேலாளரின் மனைவி.

“அப்ப இத்தனை நாள் எழுதினது?”

“எல்லாம் பொய்ங்க. அந்த ஒரு நாள்தான் நிஜம்.”

அங்கேயே இவரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். நனைந்த சட்டையோடு வீட்டுக்கு வந்தார். துண்டைக் கொடுத்தேன். துடைத்துக்கொள்ளாமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். சின்னவள் வந்து, அப்பா ஏன் சீக்கிரம் வந்துட்டீங்க என்று கேட்டாள்.

இரண்டு மாதத்தில் எல்லாம் முடிவாயிற்று. புதுத் தாள் நாலே நாளில் வந்தது. நிலைய மேலாளருக்கு இடமாற்றம். மற்ற இரண்டு ஃபிட்டர்களுக்கும் மூன்று மாதம் வேலை நிறுத்தி வைப்பு. சுருட்டையின் மனைவி என்னோடு பேசுவதை விட்டுவிட்டாள். குழாயடியில் என் குடத்தைத் தள்ளிவைத்துவிட்டுத் தன் குடத்தை வைப்பாள், நான் ஒன்றும் சொல்லமாட்டேன். இவருக்கு வேலை போய்விட்டது. உதவி டிரைவரின் காலுக்கான வழக்கும் இவர்மேல் திரும்பியது. தம்பிமேல் வரவிருந்த வழக்கைக் கைவிட்டு, சந்தேகம் வந்தும் வண்டியை எடுத்ததற்குக் கண்டித்து ஒரு கடிதத்தோடு விட்டார்கள். எலும்பு கூடியதும் அதே லைனில் வேலைக்கு வரச் சொன்னார்கள்.

அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு அவன் வந்தான். வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்றுகொண்டே பேசினான். யார் உங்களை வாயைத் திறக்கச் சொன்னது என்று இவரைக் கேட்டான். நான் ஒருத்தன் போயிருப்பேன், இப்போது ஒரு குடும்பமே போயிற்று என்றான். என்னைப் பார்த்து, நீதானே அக்கா சொல்லிக்கொடுத்தாய் என்றான். அவன் அப்படி என்னைப் பேசியதே இல்லை. இவர் பொறுமையாகக் கேட்டார். கடைசியில் தம்பி கடிதத்தை இரண்டாக மடித்து, நான் வேலைக்குப் போகப்போவதில்லை, வேறு ஊருக்குப் போய்விடுகிறேன் என்றான்.

“எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு மாமா அந்த ஸ்டேஷன்ல வண்டிய நிறுத்துவேன்?”

“நிறுத்தித்தான் ஆகணும் மாப்ளே. நிறுத்தாட்டி கட்டை ஆறாது,” என்றார் இவர். பிறகு, “நீ போகலைன்னா நான் எதுக்குடா சொன்னேன்?” என்றார்.

சொல்லிவிட்டு அழுதார். அவர் அழுது அதற்கு முன்பு நான் பார்த்ததில்லை. தம்பி அப்போதுதான் உள்ளே வந்து, அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். நான் அடுப்படியில் நின்று, இருக்கிற அரிசி நாலு பேருக்கா ஐந்து பேருக்கா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

போன வாரம் அவன் முதல்முறையாக வண்டியை இறக்கினான். அன்று காலை இவர் வெளியே போகவில்லை. சுவரோரமாக உட்கார்ந்திருந்தார். வண்டி வந்து நின்ற சத்தம் கேட்டது. புதிதாக வந்திருக்கிற ஃபிட்டர், யாரோ ஒரு சின்ன வயசுக்காரர், இந்நேரம் சக்கரம் பார்த்துக்கொண்டு போவார். இருபது நிமிஷம் இவர் அசையவே இல்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து மனசுக்குள் கும்பிட்டுக்கொண்டிருந்தேன். வண்டி கிளம்பியது. சத்தம் தேய்ந்து, வளைவு திரும்பி, பாலம் தாண்டி, கீழே போய்ச் சேர இன்னும் முக்கால் மணி நேரம். கீழ் கேபினில் வேலை பார்க்கிறவரின் மகள் மேலே பள்ளிக்கூடத்துக்கு வருகிறபோது, ஒழுங்காக இறங்கிவிட்டது என்று வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனாள்.

இவர் எழுந்து முகம் கழுவினார். பதினொன்றரைக்கு வழக்கு, சட்டையை எடுத்துக் கொடு என்றார்.